இடையத்தில் யாரும் இல்லை

மட்டக்களப்பின் படுவான்கரை வயல்களில் ட்ரோனால் மருந்தடிப்பது எப்போது வழமையாகும்? எங்கள் ஆய்வு இந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. முறை டெல்பி. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஓலாஃப் ஹெல்மர், நோர்மன் டால்கி முதலானோர் உருவாக்கியது. விடயம் தெரிந்தவர்களிடம் தனித்தனியே கணிப்புக் கேட்டு, விடைகளின் சுருக்கத்தைப் பெயரில்லாமல் எல்லாருக்கும் காட்டி, மறுபடி கேட்க வேண்டும். ஜப்பான் 1970களின் தொடக்கத்திலிருந்தே இதை நாடளாவிய அளவில் செய்துவருகிறது.

முதற்சுற்று விடைகள் வந்ததும் இடையத்தை, அதாவது விடைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் ஆண்டை, கணக்கிட்டு அறிக்கையில் எழுதிவிட்டேன். அப்புறம் வரைபடம் போட்டுப் பார்த்தபோதுதான் திக்கென்றது. விடைகள் இரண்டு மேடாகக் குவிந்திருந்தன. ஒரு பக்கம் இதோ வந்துவிடும் என்றவர்கள், மறுபக்கம் எங்கள் காலத்தில் வராது என்றவர்கள். நான் எழுதிய ஆண்டைச் சொன்னவர் ஒருவருமில்லை. ஒதுங்கி நிற்கும் விடைக்குக் காரணம் கேட்பது டெல்பியில் முக்கியமான படி. படிவம் நீண்டுவிடுமென்று அந்தப் பகுதியை நானே வெட்டியிருந்தேன். அது என் பிழை.

சரி, நேரே போய்க் கேட்போமென்று கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனேன். வராது என்று எழுதியிருந்த வட்டவிதானை (வயல்களின் தண்ணீர், செய்கை விடயங்களைக் கவனிப்பவர்) ஒருவர் வரம்பில் இருந்தபடி சொன்னார்: “நான் வாங்குறதெண்டுதான் நினைச்சு எழுதின. வாடகைக்கெண்டா வேற கதை. வெட்டு மெஷினப் பாருங்க புள்ள, ஒருத்தன்ட வயலுக்கெண்டு அது வராது. கண்டம் முழுக்க விளைஞ்சாத்தான் இறக்குவாங்க.”

கண்டம் என்றால் பலருடைய வயல்கள் சேர்ந்த ஒரு வயல்வெளி. அந்தப் பேச்சு என் கணக்கையே மாற்றிப்போட்டது. பிராங்க் பாஸ் 1969இல் தந்த பரவல் மாதிரியைத்தான் நான் வைத்திருந்தேன். அதில் ஆட்கள் ஒவ்வொருவராக, மற்றவரைப் பார்த்து, புதியதை எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டவர்களின் தொகையைக் காட்டும் கோடு வழுவழுப்பாக எஸ் வடிவில் ஏறும். இங்கே போகத் தொடக்கத்தில் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கும் நாளும் தீர்மானமாகின்றன. கண்டத்தில் பயிர்கள் ஏறக்குறைய ஒரே வயதில் நிற்கும். அப்படியானால் ட்ரோனை எடுத்துக்கொள்வது ஆளல்ல, கண்டம். கோடு படிக்கட்டுப்போலத் தாவித்தாவி ஏறும்.

புள்ளிவிபரம் முடிந்தபிறகு நாலு மேற்கோள்களை அலங்காரமாகச் சேர்ப்பதைக் கலப்பு முறை என்று நான் இனிச் சொல்லமாட்டேன். அந்த இரண்டு மேடு இல்லாவிட்டால் யாரிடம் போவதென்றே தெரிந்திருக்காது. போகாவிட்டால் எதை எண்ணுவதென்றும் தெரிந்திருக்காது.

இரண்டாம் சுற்றில் வாங்குவதையும் வாடகையையும் தனித்தனியே கேட்டோம், காரணத்தோடு. இன்னும் ஒன்று மிச்சம். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் பிந்தித்தான் வரும், பயிரின் வயதும் வேறாகும். அவர்களைக் கண்டத்தோடு எண்ணுவதா, தனியாகவா? விதைப்பு முடிந்து அவர்கள் ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து மறுபடி போகவேண்டும்.