சம்பளம் கேட்காத ஜாகா

மலேசியாவின் நிபோங் திபாலுக்குக் கல்யாணமாகி வந்த புதிதில், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் கம்பங்களின் மேல் பெட்டிகள் நிற்பதைப் பார்த்து மாமியாரிடம் விசாரித்தேன். "ஆந்தைக்கு வீடும்மா. எலி புடிக்கும். சம்பளம் கேக்காத ஜாகா" என்றார். ஜாகா என்றால் இங்கே காவல்காரர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஆந்தையைச் சாக்குருவி என்பார்கள்; அந்தப் பேரையே பொழுது சாய்ந்தபின் பாட்டி சொல்ல விடமாட்டார். இங்கே தோட்ட நிர்வாகமே பெட்டி கட்டிக் குடிவைக்கிறது!

அப்புறம் ஒரு பல்கலைக்கழகத்தின் வனவிலங்குக் கல்வி மையத்துக்கு நாத்தனார் பிள்ளைகளோடு போனேன். யாரும் போய்ப் பார்க்கலாம். என் மலாய் அப்போது காய்கறி வாங்க மட்டும்தான் போதும். நல்லவேளை, சுற்றிக் காட்டிய மாணவி சுங்கை சிப்புட் தமிழ்ப் பெண்.

பெட்டியில் குடியிருக்கும் ஆந்தைக்குக் கூகை என்று பேர். அதன் காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லையாம். அதனால்தான் கும்மிருட்டில்கூடச் சத்தத்தை வைத்தே எலி இருக்கும் இடத்தைக் குறிபார்க்கிறது. இறகின் ஓரம் சீப்புப் பல் மாதிரி இருப்பதால், அது பறந்து வருவது எலிக்குக் கேட்பதில்லை. ஒரு தட்டில் கறுப்பு உருண்டைகள் வைத்திருந்தார்கள். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் இப்படிக் கக்கிவிடுமாம். பிள்ளைகள் இடுக்கியால் பிரித்ததும் குட்டி மண்டையோடு வந்தது. சின்னவன் அதைச் சட்டைப்பைக்குள் போடப் பார்த்தான்.

ஒரு ஜோடியும் குஞ்சுகளும் ஆண்டுக்கு 1,000 எலிகளுக்கு மேல் தின்னும் என்றாள் அந்தப் பெண். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் இந்தப் பறவையை ஆராய்ந்து வருகிறார்கள். சிக்கல் எலி மருந்தில்தான். பழைய எலி மருந்தான வார்ஃபரினைவிடப் பின்னால் வந்த மருந்துகளுக்கு வீரியம் அதிகம். அதைத் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும். பெட்டியும் வைத்து அந்த விஷத்தையும் வைப்பது என்ன கணக்கோ! தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருக்கும் என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "மேல சொல்றத செய்றோம்லா" என்கிறார்.

போன வாரம் அம்மா வீடியோ காலில் வந்தபோது பின்பக்கப் பெட்டியைக் காட்டினேன். "வீட்டுக்குப் பின்னாடியே சாக்குருவியா? முதல்ல வேற வீடு பாருங்கடி!" என்று ஆரம்பித்துவிட்டார். மாமியார் போனை வாங்கி, "சம்மந்தி, இங்க எலித் தொல்லையே கெடையாது. நீங்களே வந்து பாருங்க" என்றார். அம்மா இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை.