பட்டுப் பாதைக் கேள்வியை நான் படித்த விதம்

முதுகலை வரலாறு படித்தபோது ஒரு மாதிரித் தேர்வில் பட்டுப் பாதையின் எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றி 15 மதிப்பெண் கேள்வி வந்தது. 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், பாதை மூடிக்கொண்டது என்று இரண்டு பக்கம் எழுதினேன். கிடைத்தது 5. "அதற்கு முந்தைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் எங்கே?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார் ஆசிரியர்.

அப்புறம் குறிப்புகளை மூடிவைத்துவிட்டு வரைபடத்தில் இருந்து தொடங்கினேன். நடுவில், இன்றைய மேற்குச் சீனாவில், தக்லமகான் பாலைவனம். வடக்கு ஓரத்தில் தூர்பான், கூச்சா. தெற்கு ஓரத்தில் கோத்தான். மேற்கே காஷ்கரில் இரண்டு தடங்களும் சேரும். கிழக்கே வாசல் துன்ஹுவாங். நாலைந்து முறை கையால் வரைந்து பாருங்கள். இது ஒரே சாலை இல்லை, பனிமலைத் தண்ணீர் எட்டும் ஊர்களைக் கோத்த தடங்கள் என்பது பிடிபடும். சரக்குதான் கைமாறிக் கைமாறிப் போனது. முழுத் தூரமும் நடந்த வணிகர்கள் மிகக் குறைவு.

அதனால் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: இந்த ஊர்களுக்குக் காவல் யார்?

கி.மு. 138இல் சீனாவின் ஹான் வம்சப் பேரரசர் வூ அனுப்பிய தூதர் சாங் சியென் நூறு பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வடக்குப் புல்வெளி நாடோடிகளான சியோங்னுக்களிடம் சுமார் 10 ஆண்டுகள் சிறை. 13 ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, கிளம்பியவர்களில் அவரோடு வந்தவர் ஒருவர்தான். பாக்ட்ரியா (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பகுதி) சந்தையில் தென்மேற்குச் சீனாவின் சிச்சுவான் மூங்கிலையும் துணியையும் பார்த்தார். இந்தியாவில் வாங்கியதாக வணிகர்கள் சொன்னார்கள். அதாவது அரசு வருமுன்னே சரக்கு நடமாடிக்கொண்டிருந்தது. அரசு சேர்த்தது காவல் அரண்களையும் படையையும்தான். இதை விடையில் கட்டாயம் எழுதுங்கள்.

வீழ்ச்சிக்குச் சான்றாக நான் சொல்வது ஒரு கடிதப்பையை. 1907இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் துன்ஹுவாங்குக்கு மேற்கே ஒரு காவல் கோபுரத்தில் கண்டெடுத்த சோக்திய (சாமர்கண்ட் பகுதி) வணிகர்களின் கடிதங்கள், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ஒன்றில் சாமர்கண்டுக்குச் சேதி: சீனத் தலைநகர் லோயாங் எரிந்துவிட்டது, பேரரசர் ஓடிவிட்டார், பஞ்சம். இன்னொன்று, கணவன் விட்டுப்போனதால் துன்ஹுவாங்கில் மகளோடு தவித்த மிவ்னாய் என்ற பெண் எழுதியது. ஒன்றும் போய்ச் சேரவில்லை. காவல் போனால் பாதை என்ன ஆகும் என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது. படித்த அன்று இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றவை சுருக்கமாகப் போதும். சீனாவின் டாங் வம்சக் காலத்தில் மறுபடி உச்சம். 751இல் மத்திய ஆசியாவின் தலாஸில் அரபுப் படையிடம் டாங் படைக்குத் தோல்வி. அதைவிடப் பெரிய அடி 755இல் டாங் தளபதி ஆன் லுஷானின் கலகம்: மேற்கிலிருந்த படைகளைத் திரும்ப அழைக்க, திபெத்தியர் உள்ளே வந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆட்சியில் உயிர் வந்தது. அந்தப் பேரரசு உடைந்ததும், 1368இல் சீனாவில் மங்கோலியரின் யுவான் ஆட்சி போனதும் மறுபடி இறக்கம்.

கடலை மட்டும் தனிப் பத்தியாக எழுதுங்கள். ஒட்டகம் ஒன்று சுமப்பது சுமார் 200 கிலோ. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 9ஆம் நூற்றாண்டில் மூழ்கிய ஒரே கப்பலில் கிடைத்த பீங்கான் வகைகள் சுமார் 60,000. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வருவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே சரக்கு கப்பலேறிவிட்டது.

தேர்வில் முதல் 3 நிமிடம் வரைபடத்துக்கு ஒதுக்குங்கள். பாலைவனம், நான்கு ஊர்கள், துன்ஹுவாங், கடல்வழிக்கு ஒரு கோடு. 1453 கடைசிப் பத்தியில் ஒரு வரியாக வந்தால் போதும்.