நான்கு குதிரைகள்

மார்ச் 10, 2024, ஞாயிறு

காலை மாத்திரை கொடுக்கும்போதே சிக்னோரா, நான் பார்த்துக்கொள்ளும் இத்தாலிய அம்மா, கேட்டுவிட்டார். "பென் ஹர் எப்போது போடுகிறார்கள்?"

தவக்காலம் பாதி தாண்டினால் இந்தக் கேள்வி வரும். இந்த வீட்டுக்கு நான் வேலைக்கு வந்து ஆறு வருடம். ஆறு வருடமும் உயிர்த்த ஞாயிறை ஒட்டி இருவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம். அவருக்கு 83 வயது. முதல்நாள் என்ன சாப்பிட்டோம் என்பது சில வேளை மறந்துபோகும். ஆனால் நாசரேத்துக் கிணற்றடியில் அடிமையாகக் கிடக்கும் கதாநாயகன் யூதாவுக்கு ஒருவர் தண்ணீர் கொடுக்கும் காட்சி வரப்போகிறது என்றால், ஐந்து நிமிடம் முன்னதாகவே கையில் செபமாலை இருக்கும்.

தேரோட்டம் தொடங்கியதும் அவர் செய்வது வேறு. குதிரைகளைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கதிரையை ரிவிக்குக் கிட்ட இழுத்து, பின்னால் இருக்கிற சனத்தைத் தேடுவார். அவருடைய அண்ணன் அந்தச் சனத்துக்குள் இருக்கிறார். 1958 கோடையில் இங்கே ரோமில் சினெசித்தா ஸ்டூடியோவில் அந்த ஓட்டத்தை எடுத்தபோது, கூட்டத்தில் நிற்கிற வேலைக்கு அவரும் போயிருக்கிறார். கூலியும் மத்தியானத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் கிடைத்ததாம். பொட்டலத்தில் இருந்த பழத்தை மட்டும் தின்னாமல் தங்கச்சிக்குக் கொண்டுவந்து கொடுப்பாராம். பிறகு ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இறந்துபோனார்.

ஆறு வருடமாகத் தேடுகிறோம். கிடைக்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

வியாழன் பின்னேரம் எனக்கு விடுமுறை. வெளியே மழை, எங்கும் போகவில்லை. அறையில் இருந்து பழைய நினைவொன்றை எழுதுகிறேன்.

நான் பென் ஹரை முதலில் பார்த்தது 1992இல், யாழ்ப்பாணத்தில், எங்கள் கோயில் மண்டபத்தில். கரண்ட் இல்லாமல் போய் இரண்டு வருடம். ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, வெளியே ஜெனரேட்டரை வைத்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை. எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. படம் இங்கிலிஷ். மறைக்கல்வி படிப்பிக்கும் மாஸ்டர் ஒருவர் ரிவிக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார். "இவன்தான் மெசாலா. சின்ன வயதுச் சிநேகிதன். இனித்தான் காட்டிக்கொடுக்கப் போகிறான்." நல்ல குரல் அவருக்கு. அடிமைகள் துடுப்பு வலிக்கும் கப்பலில் மேளக்காரன் வேகத்தைக் கூட்டும்போது மாஸ்டரின் பேச்சும் சேர்ந்து வேகமாகும். அடுத்த நாள் பொடியன்கள் எல்லோரும் வாளியைக் கவிழ்த்து அடித்து, "போர் வேகம்! மோதும் வேகம்!" என்று கத்திக்கொண்டு திரிந்தார்கள்.

தேரோட்டத்தில் பாட்டும் இல்லை, இசையும் இல்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் இசை கேட்கவில்லை என்றுதான் நினைத்தோம். கனகாலம் கழித்துத்தான் தெரிந்தது, உண்மையிலேயே அந்த ஒன்பது நிமிடத்துக்கு இசை கிடையாது. படம் முழுக்க நிறைத்து இசையமைத்த மிக்லோஸ் ரோஸா, தேர்கள் அணிவகுத்து வரும்வரை எக்காளம் ஊதிவிட்டு ஓட்டத்தில் நிறுத்திவிட்டார். குளம்பு, சக்கரம், சவுக்கு, சனத்தின் கூச்சல், அவ்வளவுதான். பயமே அதனால்தான் வருகிறது.

இன்னொன்று. தேருக்கு இரண்டு குதிரைதான் என்று தம்பியும் நானும் நம்பியிருந்தோம். ரிவியில் தெரிந்தது இரண்டு தலை, சில நேரம் இரண்டரை. மாஸ்டர் "நான்கு குதிரை" என்று சொன்னதற்குத் தம்பி எழும்பி நின்று "இரண்டு!" என்றான். அவனைப் பிழை சொல்ல முடியாது. அந்தப் படம் எடுக்கப்பட்ட அகலம் உயரத்தைப்போல் 2.76 மடங்கு. பழைய சதுர ரிவிக்காக இரண்டு பக்கத்தையும் வெட்டிய கொப்பி அது. பாதிக்கும் குறைவான படத்தைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்படியிருந்தும் மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை.

அம்மா தேரோட்டத்தில் அழவில்லை. அதற்கு முன்னால், யூதா வருடக்கணக்காகக் கப்பலில் கிடந்துவிட்டுச் சொந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறான். முற்றமெல்லாம் சருகு. தாயையும் தங்கச்சியையும் காணவில்லை. அவர்கள் குஷ்டம் பிடித்து ஊருக்கு வெளியே இருக்கிறார்கள். மகனுக்குச் சொல்லாதே என்று தாய், அவனைக் காதலிக்கும் எஸ்தரிடம் சத்தியம் வாங்கிவிடுகிறாள். எஸ்தர் அவனிடம் செத்துப்போனார்கள் என்கிறாள். அந்த இடத்தில் அம்மா முந்தானையை வாயில் அமத்திப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன், மண்டபத்தில் முக்கால்வாசிப் பெண்கள் அப்படித்தான் இருந்தார்கள். என் சின்ன மாமா 1990இல் சைக்கிளில் போனவர். இன்றுவரை தகவல் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

கனடாவிலிருந்து தம்பி போன் எடுத்தான். அவனிடம் பென் ஹரைப் பற்றிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் போதாது. எத்தனை தரம் பார்த்தான் என்ற கணக்கை அவன் விட்டுவிட்டான்.

தேரோட்டத்துக்குக் கட்டிய மைதானம் 18 ஏக்கர். நேர்ப்பாதை ஒவ்வொன்றும் 1,500 அடி. அதற்கு மண் போட மட்டும் கடற்கரைகளில் இருந்து 40,000 தொன். யூகோஸ்லாவியாவிலும் சிசிலியிலும் இருந்து 78 குதிரைகள். குதிரைகளும் தேரோட்டிகளும் பழக, அருகிலேயே அதே அளவில் இன்னொரு மைதானம். யூதாவாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டனும் மெசாலாவாக நடித்த ஸ்டீபன் பாய்டும் தேரோட்டக் கற்றுக்கொண்டு பெரும்பகுதியைத் தாங்களே ஓட்டினார்கள். படத்தை இயக்கிய வில்லியம் வைலர், 1925இல் வந்த ஊமைப் பென் ஹரில் உதவியாளர்களில் ஒருவராக வேலை பார்த்தவர். இந்த முறை தேரோட்டத்தை அவர் எடுக்கவில்லை. ஆண்ட்ரூ மார்ட்டனிடமும் யாகிமா கனூட்டிடமும் விட்டுவிட்டார்.

உடைந்த தேர்களுக்கு மேலால் யூதாவின் தேர் பாயும் இடத்தில், ஹெஸ்டனுக்குப் பதிலாக ஓட்டியது கனூட்டின் மகன் ஜோ. அவர் மேலே தூக்கி வீசப்பட்டு, தேரின் முன் விளிம்பில் தொங்கிப்போனார். அது திட்டமிட்டது இல்லை. மோவாயில் ஒரு வெட்டுக் காயத்தோடு தப்பிவிட்டார். அந்தத் துண்டை வெட்டி எறியாமல், ஹெஸ்டன் திரும்ப ஏறுவதைப் பக்கத்தில் எடுத்து ஒட்டிவிட்டார்கள். தம்பி இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தரமும் குரல் மாறும். அந்த ஓட்டத்தில் ஒருவர் செத்துப்போனார், அது படத்திலேயே இருக்கிறது என்று இன்றும் சொல்லித் திரிகிறார்கள். தம்பிக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். "ஒருத்தரும் சாகாமல் இதை எடுத்ததுதான் அக்கா பெரிய விசயம்" என்பான். அவன் சொல்வது சரி.

அப்புறம் ஒன்று சொன்னான், அதுதான் இன்று முழுக்க மனதில் நிற்கிறது. கூட்டம் இருக்கும் படிக்கட்டுகளின் மேல்பகுதி உண்மையில் கட்டப்படவில்லையாம். கீழே மட்டும் கட்டி ஆட்களை நிறுத்திவிட்டு, அதற்கு மேலே ஓவியம் வரைந்து படத்தோடு இணைத்திருக்கிறார்கள்.

சிக்னோரா எப்போதும் மேல்வரிசையில்தான் தேடுவார். அண்ணன் உயரமான இடத்தில் நின்றதாகச் சொன்னாராம்.

மார்ச் 21, வியாழன்

இன்று சினெசித்தாவுக்குப் போனேன். ஆறு வருடமாக அதே மெட்ரோப் பாதையில் போய் வருகிறேன், அந்த நிலையத்தில் இறங்கியதே இல்லை. ஸ்டூடியோ வாசல் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.

பென் ஹரின் மைதானம் இல்லை. படம் முடிந்ததும் இடித்துவிட்டார்கள். இப்போது சுற்றிக் காட்டுவது பின்னாளில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகக் கட்டிய பழைய ரோமின் தெருக்களை. தூணைத் தட்டிப் பார்த்தேன், உள்ளே வெறுமை. நிறம் மட்டும் அவ்வளவு உண்மை.

நான் எதிர்பார்க்காதது வேறு. 1937இல் திறந்த இந்த ஸ்டூடியோ, போர் முடிகிற காலத்தில் அகதி முகாமாக இருந்திருக்கிறது. வீடிழந்தவர்கள் வருடக்கணக்கில் இந்தப் படப்பிடிப்புக் கொட்டகைகளுக்குள் குடும்பம் குடும்பமாக இருந்திருக்கிறார்கள். அதன்பிறகுதான் ஹொலிவூட் வந்து பெரிய படங்களை எடுக்கத் தொடங்கியது. கொட்டகை ஒன்றின் நீளச் சுவருக்கு முன்னால் கனநேரம் நின்றேன். நாங்களும் 1995இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தவர்கள். சேலைக்கு அந்தப் பக்கம் இருந்த குடும்பத்தின் இருமல்கூட எனக்கு நினைவிருக்கிறது.

1958 ஜூன் மாதத்தில் ஒருநாள் கூட்டத்தில் நிற்கும் வேலை கேட்டு வந்த 3,000 பேருக்கு மேல் திருப்பி அனுப்பப்பட, கல்லெறி நடந்து பொலிஸ் வந்திருக்கிறது. அந்தப் பொட்டலச் சாப்பாட்டின் பெறுமதி அதில் தெரிகிறது. அந்தச் சனம்தான் படத்தில் அப்படிக் கத்துகிறது.

வீட்டுக்கு வந்து சிக்னோராவிடம் வாசலைப் பற்றிச் சொன்னேன். ஓவியத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ஒலிவக் கிளை கொண்டுவந்து அவருடைய அண்ணனின் படத்துக்கு மேல் செருகினேன். இங்கே குருத்தோலை கிடையாது, ஒலிவம்தான். படத்தில் அவருக்கு இருபது வயதிருக்கும். சுருட்டை முடி, இடது காது கொஞ்சம் வெளியே நிற்கும்.

சிக்னோராவின் மகன் ஒரு பிளேயரும் பென் ஹர் டிஸ்க்கும் கொண்டுவந்து தந்தார். இனி விளம்பரமும் இல்லை, நிறுத்தி நிறுத்தியும் பார்க்கலாம்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

இரவு கொலோசியத்துச் சிலுவைப்பாதையை ரிவியில் பார்த்தோம். பாப்பரசர் கடைசி நேரத்தில் வரவில்லை. சிக்னோராவுக்குக் கவலை. தூக்கம் வராது என்றார். சரி, கொஞ்சம் பார்ப்போம் என்று டிஸ்கைப் போட்டேன். கிணற்றடி வரை பார்த்தோம்.

அந்த இடத்தில் இயேசுவின் முதுகும் கையும்தான் தெரியும். முகம் படம் முழுக்க எங்கேயும் காட்டப்படாது. தண்ணீர் கொடுக்காதே என்று கத்திக்கொண்டு வரும் படைவீரன், அவர் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வராமல் நிற்கிறான். நாம் பார்ப்பது அந்தப் படைவீரனின் முகத்தை. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அவனைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. 11 ஒஸ்கார் வாங்கிய படம், கோடிகோடியாகச் செலவழித்த படம், அதன் பெரிய இடம் பெயரில்லாத ஒரு படைவீரன் கண்ணைத் தாழ்த்துவது. அதைச் சொல்லித் தம்பிக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பினேன்.

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு

இன்று கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரமும் ஒரு மணித்தியாலம் முன்னே போயிற்று. பூசை முடிந்து, ஆட்டிறைச்சி சாப்பிட்டு, இரண்டு மணிக்குத் தொடங்கினோம்.

புதிய ரிவியில் முழு அகலமும் தெரிகிறது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் படம் ஒரு நாடாபோல. யூதாவுக்கு அரபு ஷேக் கொடுத்த நான்கு வெள்ளைக் குதிரைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் மூச்சு மற்றதன் பிடரியில் படுகிற மாதிரி. அல்டேர், அன்டாரஸ், ரிஜெல், அல்டெபரான், நான்குக்கும் நட்சத்திரப் பெயர். நான் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "நான்கு" என்று மட்டும் பதில் வந்தது.

ஆனால் படம் நாடாவாகிவிட்டதால் சனத்தின் முகங்கள் மிளகுபோல் ஆகிவிட்டன. சிக்னோரா கதிரையை இழுத்தார், கண்ணாடியை மாற்றினார். நான் நிறுத்தினேன். மேலே காட்டினார். "சிக்னோரா, கீழ் வரிசையிலும் பார்ப்போமே" என்றேன். "அங்கேதான் நன்றாகத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விரலைக் கீழே கொண்டுவந்தார். சுற்றொன்று முடிந்து, சுற்றுக் கணக்குக் காட்டும் டொல்பின் உருவம் கவிழும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். கையைத் தூக்கியபடி ஒருவர், பின்னால் ஒரு பெண், அருகில் சுருட்டை முடியோடு ஒருவர். காது தெரியவில்லை, அடுத்தவரின் கை மறைக்கிறது. ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினேன். கை இறங்கும் முன்னரே கமெரா தேருக்குத் திரும்பிவிட்டது.

"எக்காளத்தில் இருந்து போடு" என்றார்.

பின்னுக்குத் தள்ளி, எக்காளத்தில் இருந்து போட்டேன்.