ஏழாம் பலகை

"பார்த்துக்கிறேன் அண்ணாச்சி" என்று நான் சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது. முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார். சரி என்று சொல்லியிருந்தால் நான் ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளியை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல், எதற்கும் பொருந்தும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் பலகையை லாரியில் ஏற்றிவிட்டேன்.

பழைய கடைகளைப் பிரித்துக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் திரும்பக் கட்டுவது எங்கள் வேலை. அண்ணாச்சியின் மளிகைக் கடை முகப்பின் பலகைக் கதவு அது. மொத்தம் பதினொரு பலகை. மேலேயும் கீழேயும் பலகை ஓடும் பள்ளமாகக் காடி, ஒரு ஓரத்தில் செருகி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசிப் பலகையை மாட்டியதும் உள்ளே இருந்து குறுக்கே இரும்புப் பட்டை. வீடு கடைக்குப் பின்னாலேயே என்பதால் வெளியே பூட்டு கிடையாது. வரிசை மாறினால் பலகை சேராது, அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் உளியால் தமிழ் எண் வெட்டியிருந்தது. கட்டடத்தைப் பிரிக்கும்போது நாங்கள் உத்தரம், சட்டம், நிலை என்று எல்லாவற்றுக்கும் எண் போடுவோம். இங்கே பாதி வேலையை எந்தக் காலத்திலோ ஒரு ஆசாரி முடித்து வைத்திருந்தார்.

௭ என்று வெட்டிய பலகையின் உட்பக்கத்தில்தான் அந்தப் பென்சில் எழுத்து. பற்றுக் கணக்கு. மேலத்தெரு இன்னார், பருப்பு, 1 ரூ 6 அணா. இன்னார் மகள் கல்யாணம், நல்லெண்ணெய், 4 ரூ. தீர்ந்த வரிகளின் மேல் ஒரு கோடு. கோடு விழாதவை ஒன்பது. ரூபாய்க்கு நூறு பைசா என்று 1957-ல் வந்தது, ஆகவே இது அதற்கு முந்தையது அல்லது அதை ஒட்டியது என்று அந்த இடத்திலேயே கணக்குப் போட்டு நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. எத்தனை கடையைப் பிரித்தாலும் இப்படி ஒன்று கையில் கிடைப்பது அபூர்வம்.

என் முகத்தைப் பார்த்துத்தான் அண்ணாச்சி பயந்திருக்க வேண்டும். "தம்பி, அந்த ஒரு பலகைய மட்டும் இழைச்சிருங்க" என்றார். அழித்தால் திரும்ப வராது, உங்கள் அப்பாவின் கையெழுத்து அல்லவா என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கப்பா சாகுற வரைக்கும் அவங்ககிட்ட கேக்கல. நீங்க கண்ணாடி போட்டு வச்சு கேக்கப் போறீங்களா?" என்றார். அந்த ஒன்பது பேரின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அதற்குத்தான் நான் பார்த்துக்கிறேன் என்றேன்.

எங்கள் தொழிலில் முதல் பாடமே, திரும்பப் பெற முடியாத எதையும் செய்யாதே என்பதுதான். இழைப்பது அப்படிப்பட்ட ஒன்று. அந்த வகையில் நான் செய்தது சரி, இன்றைக்கும் இழைக்கச் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அதே பாடத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், ஒரு குடும்பம் கடன்பட்டது என்று நாலு பேர் படித்துவிட்டால் அதையும் திரும்பப் பெற முடியாதே.

இங்கிலாந்தில் டர்ஹாம் பக்கம் பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். அன்ஃபீல்ட் பிளெயின் என்ற சுரங்க ஊரின் கூட்டுறவுக் கடையைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே கட்டியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் கொடுத்த காசை மரப் பந்துக்குள் வைத்துவிட்டால், அது தலைக்கு மேலே தண்டவாளத்தில் உருண்டு காசாளரிடம் போகும். அதை விட்டு நகரவே மனமில்லை. அந்தக் கூட்டுறவுக் கடைகளில் உறுப்பினருக்கு ஒரு எண் உண்டு, வாங்கியதற்கேற்ப லாபப் பங்கு வரும். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் தங்கள் அம்மாவின் எண்ணை இன்னும் மறக்காமல் சொல்வார்கள். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் இந்தக் கூட்டுறவுக் கடை முறையை ஆரம்பித்தவர்கள் கடன் கிடையாது, கைக்காசுதான் என்று உறுதியாக இருந்தார்கள், ஏனென்றால் கடைக்கடனில் தொழிலாளிகள் மூழ்கியதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அங்கே நினைவில் வைத்துக்கொள்ள ஒரு எண் இருக்கிறது, பெருமையாகவே சொல்லலாம். எங்கள் பலகையில் இருப்பதை யார் பெருமையாகச் சொல்வார்கள்?

இன்னொன்றும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையை ஹென்றி ஃபோர்டு 1936-ல் வாங்கி, அமெரிக்காவின் டேட்டன் நகரத்திலிருந்து மிச்சிகனில் இருந்த தன் அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார். 1938-ல் திறந்தார்கள். முதல் விமானத்தின் எஞ்சினைச் செய்த சார்லி டெய்லரைத் தேடிப் பிடித்து, சம்பளம் கொடுத்து, கடையைப் பழையபடி அமைக்க வைத்தார்கள். கூட்டங்களில் நானே இதைச் சொல்லியிருக்கிறேன், அந்த இடத்தில் வேலை பார்த்தவனைக் கேட்காமல் எதையும் வைக்காதே என்று. அண்ணாச்சி பத்து வயதிலிருந்து அந்தக் கல்லாவில் உட்கார்ந்தவர். தராசை எங்கே தொங்கவிடுவது, உழக்கும் படியும் எந்தப் பக்கம் இருக்கும், சணல் உருண்டை எங்கே கட்டியிருக்கும் எல்லாவற்றையும் அவரிடம் கேட்டு அப்படியே வைத்தேன். பலகை விஷயத்தில் மட்டும் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

பிறகு எங்கள் அருங்காட்சியகத்தில் அண்ணாச்சி கடையைத் திரும்பக் கட்டும்போது ஒன்று புரிந்தது. பகலில் பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கிவிடுவார்கள், எழுத்து தெரியாது. ராத்திரி கடை சாத்தி, சிம்னி விளக்கோடு உள்ளே நிற்கும் ஒருவருக்கு மட்டும்தான் அது கண்ணில் படும். ஊருக்குக் காட்டுவதற்காக எழுதியதே இல்லை. எங்கள் கடையோ எப்போதும் திறந்தே இருக்கிறது. அதனால் ஏழாம் பலகையை எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி, அடுக்கில் கடைசியாக வைத்தேன். வரிசைப்படி அது நடுவில் வர வேண்டும். இதற்காக ஒரு தவறான வரிசையைச் செய்தேன், யாரும் இதுவரை கேட்கவில்லை.

திறப்புக்கு அண்ணாச்சி வரவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு சாதாரண நாளில் பேத்தியோடு வந்தார். நேராக அடுக்குக்குப் போய், எண்களைப் பார்த்து, கடைசிப் பலகையை ஒரு கையால் லேசாகச் சாய்த்து உட்பக்கம் எட்டிப் பார்த்தார். அப்புறம் சத்தமில்லாமல் திரும்பச் சாத்தினார். நான் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன், மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் இருந்தேன். "மழைக்காலத்துல பலக ஊதும் தம்பி, காடியில மெழுகு தேச்சு வைங்க" என்றார். பேத்திக்குக் கல்லாப்பெட்டியைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மெழுகு தேய்த்தேன். அவர் மன்னித்துவிட்டார் என்று சில நாள் தோன்றும், இனிமேல் இவனிடம் சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டார் என்று சில நாள் தோன்றும். லாரியில் ஏற்றுவதற்கு முந்தைய ராத்திரி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அந்தப் பலகையை வரிவரியாகப் படம் எடுத்தேன் என்பது அவருக்குத் தெரியாது. ஒன்பது பெயரும் தெளிவாக விழுந்திருக்கின்றன. பதிவேட்டில் அந்தப் பலகைக்கு நேரே "எழுத்து உண்டு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன், படங்கள் இருக்கும் இடத்தைக் குறிக்க வேண்டிய கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.