கணக்கு சாரின் வராந்தா

கணக்கு சார் காலமான செய்தியும், நம் கல்லூரியின் புதிய கட்டடத்துக்குப் பழைய மாணவர் சங்கத்தின் வளைகுடாக் கிளை நிதி திரட்டும் அறிவிப்பும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. என் மனத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் ஒன்றாகவே எழுதுகிறேன்.

நாலு மணிக்கு மேல் சார் கல்லூரி வராந்தாவின் திண்ணையில்தான் இருப்பார் என்பதை நம் காலத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளச்சல், முட்டம் கடற்கரையிலிருந்தும் குலசேகரம் ரப்பர் தோட்டப் பக்கமிருந்தும் வந்து, தம் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எங்களில் பலருக்கு ஆசிரியர் அறைக்குள் கால்வைக்கத் துணிவில்லை. வராந்தாவில் தட்டுவதற்குக் கதவு இல்லை. நோட்டைக் கையில் பிடித்தபடி அந்தத் திண்ணையைக் கடந்தாலே, "மக்களே, எங்க நிக்குது?" என்று அவராகவே கேட்பார். தடைப்பட்ட வரியைக் காட்டினால், அதற்கு முந்தைய வரியிலிருந்து மறுபடி போடச் சொல்வார். விடையை ஒருநாளும் எழுதித் தந்ததில்லை. அரியர் விழுந்து, படிப்பை விட்டுவிட்டு மீன்பிடி வள்ளத்துக்குப் போக இருந்த என் தோழன் பட்டம் பெற்றது அந்தத் திண்ணையில் கழிந்த மாலைகளால்தான்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில், சுவர் நனையாதிருக்கவே அவ்வளவு அகலமான தாழ்வாரங்களைக் கட்டினார்கள். மழை விடும்வரை தாவரவியல் மாணவரையும் வரலாற்று மாணவரையும் அருகருகே நிற்கவைத்துப் பேசப் பழக்கியதும் அவையே.

வளைகுடாவில் கட்டட வரைவாளனாக இருந்தபோதுதான் இதன் அருமை எனக்கு முழுதாக விளங்கிற்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மணமான மாணவர் குடியிருப்பைப் பற்றி 1950-இல் வெளியான ஆய்வு, யார் யாருக்கு நண்பரானார் என்பதில் வாசல்களுக்கு இடையேயான தொலைவுக்கும் மாடிப்படி அமைந்த இடத்துக்கும் பெரும் பங்கு இருந்ததைக் கண்டது. 1819-இல் நிறுவப்பட்ட வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை வடிவமைத்த அமெரிக்க முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், புல்வெளியின் இருபுறமும் பேராசிரியர் இல்லங்களையும் அவற்றுக்கு இடையில் மாணவர் அறைகளையும் வைத்து, அனைத்தையும் தூண்கள் நிரைந்த தாழ்வாரத்தால் இணைத்தார். ஆசிரியரைச் சந்திக்கத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டாத இடம் அது.

நமக்கு அனுப்பப்பட்ட வரைபடத்திலோ நடுவில் வெளிச்சம் புகாத நடை, இருபுறமும் அறைகள். ஆசிரியர்கள் மூன்றாம் மாடியில். நான் பிழைப்புக்காக வரைந்த அலுவலகங்கள் இப்படித்தான் இருந்தன, அங்கே பக்கத்து அறைக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் ஆண்டுகள் கழிந்தன. என்னை ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்படி சார் சொல்லியிருந்தார், விசா முந்திக்கொண்டது. ஊரில் இருந்திருந்தால் அந்தத் திண்ணையில் நானும் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லியிருப்பேன் என்ற நினைப்பு இந்த வயதில் அடிக்கடி வருகிறது.

வரைபடம் இன்னும் முடிவாகவில்லை என்று அறிகிறேன். ஆசிரியர் அறைகளைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து, அவற்றின் முன்னே சாரல் எட்டாத அகலத்தில் வராந்தாவும் கல்திண்ணையும் அமைத்து, கடைசிப் பேருந்து நேரம்வரை அங்கே விளக்கு எரிய வழிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கான கூடுதல் செலவை நம் கிளையே ஏற்கலாம்.