சமையல்காரர் கேட்ட டிக்கெட்

நான் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூனியராகச் சேர்ந்த புதிதில், கப்பல் வழக்கு வந்தால் சீனியர் முதலில் எடுக்கச் சொல்வது 1861ஆம் வருடத்து பிரிட்டிஷ் அட்மிரால்டி சட்டத்தைத்தான், அதாவது கப்பல், கடல் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கான சட்டத்தை. சுதந்திரம் வந்து அறுபது வருடம் கழித்தும் அதுதான் நமக்குச் சட்டம். சரக்கு விஷயத்தில் அதன்படி, துறைமுகத்துக்குள் வரும் சரக்குக்கு மட்டுமே வழக்குப் போடலாம். வெளியே போகும் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் சரக்கு ஏற்றிப் போன எம்.வி. எலிசபெத் என்ற வெளிநாட்டுக் கப்பலை விசாகப்பட்டினத்தில் பிடித்து வைத்த வழக்கில், 1992இலேயே உச்ச நீதிமன்றம் அந்தக் குறையைத் தீர்த்திருந்தது. நாம் கையெழுத்திடாத பன்னாட்டு உடன்படிக்கைகளின் கோட்பாடுகளையும் நம் நீதிமன்றங்கள் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது. பெரிய தீர்ப்புதான். ஆனாலும் சம்பளம் வராத மாலுமிக்காக ஒவ்வொரு முறையும் தீர்ப்புக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் வாதாடுவது எனக்கு வேதனையாகவே இருந்தது.

அப்புறம் 2017இல் நமக்கென்று ஒரு அட்மிரால்டி சட்டம் வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய பிரிட்டிஷ் சட்டங்கள் ரத்தாயின. அடுத்த சில வருடங்களில் என்னிடம் ஒரு வழக்கு வந்தது. வெளித்துறைமுகத்தில் நங்கூரமிட்ட ஒரு வெளிநாட்டுக் கொடிக் கப்பல், அதாவது வேறு நாட்டில் பதிவான கப்பல். ஊழியர்களுக்கு ஏழு மாதச் சம்பளப் பாக்கி. நடுவில் கப்பல் கைமாறியிருந்தது. "பழைய முதலாளியிடம் கேளுங்கள்" என்றது புதிய தரப்பு. நான் புதிய சட்டத்தின் ஒன்பதாம் பிரிவைப் பிரித்துக் காட்டினேன். ஊழியர் சம்பளம்தான் அங்கே முதல் உரிமை. கப்பலுக்கு உரிமையாளர் மாறினாலும், கொடியே மாறினாலும் அந்த உரிமை கப்பலை விட்டுப் போகாது. சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடம் உயிரோடிருக்கும். நீதிபதி அன்றைக்கே கப்பலை நிறுத்தி வைக்க உத்தரவிட்டார்.

உத்தரவை ஒட்டப் படகில் போனபோது, தூத்துக்குடிக்காரரான சமையல்காரர் என்னைத் தனியாக அழைத்தார்.

"சார், எனக்கு இங்கிருந்து பஸ் இருக்கு. கூட ரெண்டு மியான்மர் பசங்க இருக்காங்க. அவங்க ஊருக்குப் போற டிக்கெட்டும் இதுல வருமா?"

பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து அதே பிரிவை மறுபடியும் பிரித்தேன். ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அதில் இருக்கிறது. விரல் வைத்து அவருக்குக் காட்டினேன். அவர் அந்தப் பையன்களைக் கூப்பிட்டார்.