தாத்தா குத்திய புள்ளிகள்

பழைய சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினால் உள்ளே பித்தளைத் தகட்டின் ஓரத்தில் பொடிப் பொடியாகக் கீறல்கள் இருக்கும். வேலை பார்த்தவர் தன் பெயரின் முதல் எழுத்தையும் வருடத்தையும் ஊசியால் கீறி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அதே கடிகாரம் மறுபடி வந்தால், போன தடவை எப்போது பிரித்தோம் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

புதுச்சேரி காந்தி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். தாத்தா உட்கார்ந்த மேசையில் அப்பா உட்கார்ந்தார், இப்போது நான்.

பிளஸ் டூ முடித்துக் கடைக்கு வந்த புதிதில் நான் செய்த கூத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சொல்தா வீட்டிலிருந்து (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இரும்புக் கூண்டுக்குள் சக்கரங்கள் வைத்த பெரிய கடிகாரம் ஒன்று வந்தது. எட்டு மணிக்கு எட்டு அடித்தது. சரி. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் எட்டு அடித்தது. கோளாறு இதுதான் என்று முடிவு கட்டி, மணி அடிக்கும் பகுதியைப் பிரித்து இரண்டு நாள் போராடினேன். ஊருக்குப் போயிருந்த அப்பா திரும்பி வந்து பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "இது கோந்துவாஸ்டா. ரெண்டு தடவைதான் அடிக்கும். முதல் தடவை எண்ணாம விட்டவனுக்கு ரெண்டாவது தடவை." கோந்துவாஸ் என்றால் பிரான்சில் ஜுரா மலைப் பக்கம் செய்த கடிகாரம். அதன் குணமே அதுதான். அதற்குள் நான் ஒரு நெம்புகோலை வளைத்து வைத்திருந்தேன். அப்பா நிமிர்த்திக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை.

1961-இல் பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்ததும் தாத்தாவுக்கு நல்ல காலம். 1987-இல் ஓசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்ததும் அப்பாவுக்கு அவ்வளவு நல்ல காலம் இல்லை. குவார்ட்ஸில் ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்ந்துகொண்டிருக்கும். அதில் நாங்கள் தொட என்ன இருக்கிறது? செல் மாற்றினோம், பட்டை மாற்றினோம், இன்றைக்கும் வாடகை அதில்தான் வருகிறது. பழசுதான் உசத்தி என்று பேசுபவர்களோடு நான் சேர மாட்டேன். என் கையில் கட்டியிருப்பதும் செல் வாட்ச்தான். பெண்டுலக் கடிகாரம் வெயிலுக்கே சோம்பிவிடும்: கம்பி இரும்பாக இருந்தால், மார்கழியில் சரியாக ஓடியது சித்திரையில் சூட்டில் நீண்டு, நாளுக்கு நாலைந்து நொடி பின்தங்கும். குண்டுக்கு அடியில் உள்ள நட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும். கடல்காற்றில் வாட்சின் ஹேர் ஸ்பிரிங், அதாவது மயிரிழை போன்ற சுருள்வில், துருப்பிடிப்பது தனிக்கதை.

போன வருடம் முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்றை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். "உங்க தாத்தா பார்த்ததுதான் தம்பி. இப்ப நொண்டி நொண்டி நின்னுடுது." பிரித்தேன். தாத்தாவின் கீறல் 68, மறுபடி 74. அதற்குக் கீழே அப்பாவுடையது, 91. கண்ணில் லென்ஸை வைத்துச் சக்கர அச்சுகள் சுழலும் துளைகளைப் பார்த்தபோது சங்கடமாகிவிட்டது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் குத்திய புள்ளிகள், அம்மைத் தழும்பு மாதிரி.

வெளியாளுக்கு இது புரியாது. அச்சு இரும்பு, துளை பித்தளை. எண்ணெயில் தூசு சேர்ந்தால் மிருதுவான பித்தளையில் பதிந்துகொண்டு அரம் மாதிரி இரும்பையே தேய்க்கும். துளையும் தேய்ந்து நீள்வட்டமாகும். பல்லோடு பல் சரியாகச் சேராது. துளையைப் பெரிதாக்கி, நடு மாறாமல் புதுப் பித்தளை வளையம், அதாவது புஷ், அடித்து ஏற்றுவதுதான் முறையான வேலை. துளையைச் சுற்றிப் பஞ்ச் உளியால் குத்தினால் பித்தளை உள்நோக்கி நசுங்கித் துளை இறுகும். கடிகாரம் ஓடும். ஆனால் கொஞ்ச காலத்தில் மறுபடி தேயும், தகடும் கெடும். அடுத்தவர் கடையிலிருந்து இப்படி வந்தால் நாங்கள் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறோம்!

எது யார் கை என்றுகூடத் தெரிந்தது. தாத்தாவின் புள்ளிகள் ஒரே இடைவெளியில், கோலப்புள்ளி போல. அப்பாவுடையதில் அவசரம்.

மாலையில் அப்பா கடைக்கு வந்ததும் தகட்டை நீட்டினேன், ஒன்றும் சொல்லாமல். அவருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. "அப்ப நம்மகிட்ட லேத் ஏதுடா? புஷ்ஷுன்னா மெட்ராஸ் போகணும். ரெண்டு நாள்ல கல்யாணம், வீட்ல கடிகாரம் ஓடணும்னு வந்து நிப்பாங்க. என்ன பண்ணச் சொல்ற?"

நியாயம்தான். ஆனால் கல்யாணம் முடிந்த பிறகு கூப்பிட்டு முறையாகச் செய்து கொடுத்திருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இப்போது எனக்கு புஷ் கூரியரில் வருகிறது, அப்படியிருந்தும் நான் எத்தனை வேலையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியிருக்கிறேன்.

ஐந்து துளைக்கு புஷ் போட மூன்று நாள் ஆனது. வெளிவட்டத்துப் புள்ளிகள் போகவில்லை, தேய்த்தால் தகடு மெலிந்துவிடும், விட்டுவிட்டேன். 91-க்குக் கீழே என் எழுத்தையும் வருடத்தையும் கீறினேன். பக்கத்தில் '5 புஷ்' என்றும்.

பூட்டி ஓடவிட்டதும் அப்பா லென்ஸை வாங்கிக் கண்ணில் பொருத்திக்கொண்டார். கண்புரை ஆபரேஷன் ஆன கண். வெகுநேரம் பார்த்தார். டக், டக் என்று சீராகக் கேட்டது.

"எண்ணெய் ஜாஸ்தி" என்று சொல்லி, எண்ணெய் ஒற்றும் நெட்டித் துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.